ஒற்றைக் கதவுக் காற்றாலை

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனால் சாம்பசிவனின் தோட்டம் வரும். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்வதற்கென்று கட்டியது. அந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் பிளைவுட்டில் ஈஃபில் கோபுரமும் சிவப்பு டெலிபோன் கூண்டும் செய்து வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்க, சாம்பசிவனுக்கு மட்டும் வேறு புத்தி. உலகத்துப் பழைய காற்றாலைகளை எல்லாம் மூன்று ஏக்கரில் கொண்டுவந்து நட்டுவிட்டார். பாரசீகம் ஒரு மூலை, கிரேக்கம் ஒரு மூலை, நடுவில் ஒரு தாமரைக் குளம்.

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த இடம், வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பத் திறக்கப் போகிறது. ஏன் பூட்டிக் கிடந்தது என்று சாம்பசிவன் சொல்லவில்லை. எப்சியும் கேட்கவில்லை. அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். ஒவ்வோர் ஆலைக்கும் முன்னால் வைக்கிற விளக்கப் பலகைக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார். முழுப் பரீட்சை முடிந்த கையோடு உட்கார்ந்தவளுக்கு ஒரு மாதத்தில் காற்றாலைப் பைத்தியமே பிடித்துவிட்டது. பலகைகள் அச்சாகி வந்துவிட்டன. சரிபார்த்துச் சட்டத்தில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

மே மாதத்து வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. கடல் காற்று இன்னும் உள்ளே வரவில்லை. வேலியோரத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"வாங்க டீச்சரம்மா. இன்னா இந்த வெயில்ல வந்துகினு? சாயங்காலமா வரக் கூடாது?" என்று கேட்டைத் திறந்தாள் எல்லம்மா. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். பெருக்கி, தண்ணீர் ஊற்றி, சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த மூன்று ஏக்கரையும் ஆள்கிறவள் அவள்தான்.

"சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்க்கா. ஒன்பதாம் மாசம்."

அதைச் சொல்லும்போதே எப்சி கைபேசியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஜென்சிக்கு இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறை ஏழாவது மாதம். அம்மா போன பிறகு ஜென்சியை வளர்த்தது எப்சிதான். அந்த இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் எப்சிதான். மூன்றாவதாக ஒன்றைத் தாங்கிக்கொள்ளத் தங்கையாலும் முடியாது, தன்னாலும் முடியாது என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எல்லம்மா கூடவே வர, ஒவ்வோர் ஆலையாகப் பார்த்துக்கொண்டு போனாள். பாரசீகத்து ஆலை நம் கண்ணுக்கு ஆலை மாதிரியே இருக்காது. இரண்டு மண்சுவருக்கு நடுவே நிமிர்ந்து நின்று கதவு போலத் திரும்பும் மரப்பலகைகள். ஆயிரம் வருஷமாக அந்தப் பாலைவனத்துக் காற்றில் கோதுமை அரைத்த வடிவம் அது. கிரேக்கத்துத் தீவில் வெள்ளையடித்த உருளைச் சுவரும், முக்கோணத் துணிப்பாய்களும். ஸ்பெயின் நாட்டு ஆலையின் தலைப்பாகத்தைச் சுற்றிலும் குட்டிக் குட்டி ஜன்னல்கள். எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று பார்த்துத்தான் ஆலைக்காரன் கூரையைத் திருப்புவானாம். போர்ச்சுகல் ஆலையின் பாய்க்கயிறுகளில் வாய் குறுகிய மண்கலயங்களைக் கட்டியிருப்பார்கள். காற்று புகுந்தால் அவை ஊதும். எங்கோ வயலில் இருக்கிற ஆலைக்காரன் அந்தச் சத்தத்தை வைத்தே காற்றின் வேகத்தைத் தெரிந்துகொள்வான்.

"இது ஊதுமாக்கா?" என்று எப்சி கேட்டாள்.

"சாயங்காலம் காத்து வந்தா ஊதும். ஒரே பேஜாரு. யாரோ மூக்க சிந்திகினு அழுவுற மாதிரி இருக்கும்."

இவை எல்லாம் சிமெண்டும் ஃபைபரும். இறக்கைகளை வெல்டிங் வைத்து அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் நின்ற டச்சு ஆலை மட்டும் பொம்மை இல்லை. முப்பதடி உயரம், முழுக்க மரம். ஏணியைக் குறுக்கே வைத்து அடித்தது போன்ற நான்கு நீண்ட கைகள். கீழ்க்கையின் நுனி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதற்கு நேர் பின்னால் ஆலையின் கதவு.

"இதுக்குப் பின்னாடி இன்னொரு கதவு உண்டா?"

"இல்லியே. இன்னாத்துக்கு?"

"தரை வரைக்கும் கை வர்ற ஆலைக்கு எதிரெதிரே ரெண்டு கதவு வைப்பாங்க. ஒண்ணுக்கு முன்னாடி கை சுத்தினா, இன்னொண்ணு வழியா வெளிய வரலாம்."

"சாலமன்கூட அப்படித்தான் சொன்னாரு. ஓனருதான் வேணாம்ட்டாரு. பின்னாடி கதவு இருந்தா போட்டோவுல செவுரு அழகா வராதாம்."

சாலமன் அந்த ஆலையைச் செய்த தச்சர். கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஆள். பொம்மை செய்ய எனக்கு வராது, செய்தால் சுத்துகிற மாதிரிதான் செய்வேன் என்று ஆறு மாதம் உட்கார்ந்து செய்தாராம். செய்து முடித்த வாரத்தில், இதே ஆலையின் கை அடித்துச் செத்துப் போனார். எட்டு மாதப் பூட்டுக்கு அதுதான் காரணம் என்று எல்லம்மா சொல்லித்தான் எப்சிக்குத் தெரிந்தது. இப்போது கீழ்க்கையைத் தரையில் அடித்த கொக்கியோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டியிருந்தார்கள்.

எப்சிக்கு அந்த ஆலையை அண்ணாந்து பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் வந்த வேலை இருக்கிறதே. பலகையை எடுத்து எல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். டச்சுக்காரர்களுக்குக் காற்றாலை ஊர்ச்சேதி சொல்கிற ஆள். கல்யாணம், குழந்தை என்றால் மேல்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துவார்கள். வந்துகொண்டிருக்கிற கை, சந்தோஷம். சாவு என்றால் உச்சியைச் சற்றே தாண்டவிட்டு நிறுத்துவார்கள். போகிற கை, துக்கம்.

"இந்த ஆலைங்க எப்பவும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும். அதனால முன்னாடி நின்னு பாத்தா, மேல்கை நமக்கு வலது பக்கம், அதோ அந்த செல்போன் டவர் பக்கம் சாஞ்சிருந்தா நல்லது. இடது பக்கம், ஏரிப் பக்கம் சாஞ்சிருந்தா துக்கம்."

எல்லம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மாத்தி எழுதிட்டீங்க டீச்சரம்மா."

"என்னது?"

"ஏரிப் பக்கம் சாஞ்சாத்தான் நல்ல சேதி. டவர் பக்கம் சாஞ்சா சாவு. சாலமன் போன அன்னிக்கு டவர் பக்கம்தான் நின்னுகினு இருந்துச்சு. அப்பால சங்கிலி போட்டப்புறம் ரெண்டு தபா தானா நவுந்துச்சு. ஒருதபா ஏரிப் பக்கம், அன்னிக்கு என் பொண்ணுக்கு வேலை கெடச்சுது. இன்னொரு தபா டவர் பக்கம். எங்க பிளாக்குல ஒரு புள்ள பைக்குல போயி..."

டீச்சர்களுக்கு ஒரு குணம் உண்டு. தப்பான விடையைக் கண்டால் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். சங்கிலி போட்ட ஆலை எப்படி நகரும் என்று எப்சி கேட்கவில்லை. விடை தப்பு என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. எல்லம்மாவின் கையைப் பிடித்துக் காற்றில் வட்டம் போட்டுக் காட்டி, "நீங்க தலைகீழா ஞாபகம் வச்சிருக்கீங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே திருத்தினாள். எல்லம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

மணி இரண்டு ஆயிற்று. ஆலைக்கு இருபதடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைபேசியை வைத்துவிட்டு, ஆலைக்கு முதுகைக் காட்டியபடி எப்சி பலகைக்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

பின்னால் மரம் முனகியது. பழைய கட்டிலில் கனமான ஆள் யாரோ புரண்டு படுத்தது போல ஒரே ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

மேல்கை டவர் பக்கம் சாய்ந்து நின்றது.

சங்கிலி தரையில் சுருண்டு கிடந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

காற்று இல்லை. வேப்பமரத்தைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், எதிலும் அசைவு இல்லை. அடுத்த நிமிடமே அவள் மூளை பலகையில் இருந்ததைப் படித்துவிட்டது. டவர் பக்கம். உச்சியைத் தொடாத கை. வந்துகொண்டிருக்கிற சந்தோஷம். பயத்துக்கு நடுவிலும் அவள் மனது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கைபேசி அடித்தது. ஜென்சி.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. காலைலருந்து பாப்பா அசையறது கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி இருக்கு. ஜூஸ் குடிச்சுப் பாத்தேன், ஒருதடவ லேசா அசைஞ்சுது. ஹாஸ்பிடல் போய்ட்டு வந்துடட்டுமா? ஜோஸ்வின் ஆபீஸ்ல இருக்காரு. போன வாரமும் இப்படித்தான் ஓடினேன், ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. அதான் யோசனையா இருக்கு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் எப்சி, யோசிக்காதே, ஆட்டோ பிடி என்று கத்தியிருப்பாள். அன்றைக்கு அவள் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல அலையாத. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ஒண்ணும் ஆகாது."

"நிஜமாவாக்கா?"

"எனக்குத் தெரியும்டி. படு."

இந்த இரண்டு வார்த்தைகளை அவள் தன் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும்.

போனை வைத்தபோது எல்லம்மா வாளியோடு வந்தாள். ஆலையைப் பார்த்தவள் வாளியை அப்படியே போட்டாள்.

"ஐயோ, டவர் பக்கம் நின்னுகிச்சே. டீச்சரம்மா, வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா? யாருக்காவது போன் போட்டுக் கேளுங்க."

"அக்கா, சும்மா பயமுறுத்தாதீங்க. யாரோ உள்ள இருந்துகிட்டு விளையாடறாங்க. நான் போய்ப் பாக்கறேன்."

"வேணாம்மா. உள்ள போவாதீங்க. நான் இதுக்குள்ள போயி எட்டு மாசமாச்சு."

எப்சிக்கு வந்தது தைரியம் இல்லை, எரிச்சல். தான் சொன்னதுதான் சரி என்று ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஜென்சியிடம் இப்போது சொன்னது என்ன ஆகும்? அந்த நினைப்பை மேலே வரவிடாமல் அழுத்திக்கொண்டு, கைபேசியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

உள்ளே குளிர்ந்திருந்தது. மே மாதத்து மத்தியானத்துக்கு அந்தக் குளிர் பொருந்தவில்லை. புதிதாக இழைத்த மரத்தின் வாசனை அடித்தது. எட்டு மாதமாக யாரும் நுழையாத இடத்தில், தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று இழைப்புச் சுருள்கள்.

"யாரு மேல?"

ஏணியில் ஏறினாள். மேல்தளத்தில் அச்சும் பல்சக்கரமும் இருட்டில் கிடந்தன. முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். யாரும் இல்லை. உத்தரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் ஆலைப் படத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். சாம்பசிவன் கொடுத்த படமாக இருக்க வேண்டும். சாலமன் அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் செய்திருக்கிறார். ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் பென்சிலால் அளவு எழுதியிருந்தது.

படத்து ஆலையின் கதவுக்கு மேல் கட்டிய வருஷத்தைச் செதுக்கியிருந்தார்கள். எப்சி கண்ணைச் சுருக்கிப் படித்தாள். படிக்க வரவில்லை. எண்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலமாகத் திரும்பியிருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போட்டோக்காரர் புத்தி. மாப்பிள்ளை இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம் வர வேண்டும் என்றால் படத்தை ஒரு தட்டுத் தட்டித் திருப்பிப் போடுவார்கள். அதே கையோடு சாம்பசிவன் இந்தப் படத்தையும் திருப்பி அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். சாலமன் பார்த்ததைப் பார்த்தபடி செய்து வைத்திருக்கிறார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தச் சமயத்தில் தலைக்கு மேலே அச்சு உறுமியது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மெதுவாகக் கடந்து போனது. அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஏரிப் பக்கத்திலிருந்து மேலே ஏறி, டவர் பக்கம் கீழே இறங்கியது. பின்னாலேயே அடுத்த கை. அதுவும் ஏரிப் பக்கம் ஏறி, டவர் பக்கம் இறங்கியது.

வெளியே முன்னால் நின்று பார்த்தால், கடிகார முள் சுற்றுகிற பக்கம்.

அப்படியானால் டவர் பக்கம் சாய்ந்து நின்றது, உச்சிக்கு வந்துகொண்டிருந்த கை இல்லை.

உச்சியைத் தாண்டிப் போய்விட்ட கை.

"ஆண்டவரே! ஜென்சி!"

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி மூன்று படி வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. எழுந்து கதவைத் திறந்தாள். முகத்துக்கு ஒரு முழம் முன்னால் ஒரு கை விசுக்கென்று கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் அவள் புடவை முந்தானை வெளியே இழுபட்டது. பின்வாங்கினாள்.

வெளியே வெயில் அடித்தது. வேப்பமரம் சிலை போல நின்றது. ஒரு பொட்டுக் காற்று இல்லாமல் அந்த நான்கு கைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. இருபதடி தள்ளி, நாற்காலியில் கைபேசி கிடந்தது.

ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, வீச்சு. ஒன்று, இரண்டு, மூன்று, வீச்சு. மூன்று எண்ணுவதற்குள் தாண்டிவிடலாம். அடுத்தது போனதும் காலை எடுத்து வைத்தாள்.

ஒன்று. வீச்சு.

மயிரிழையில் தப்பிப் பின்னால் விழுந்தாள். இம்முறை இரண்டுகூட எண்ணி முடிக்கவில்லை. எழுந்து திரும்பவும் எண்ணினாள். அவள் சும்மா நிற்கும்வரை ஒழுங்காக மூன்று. காலைத் தூக்கினால் உடனே அடுத்த கை குறுக்கே வீசியது. அவளைப் பார்த்துக்கொண்டே யாரோ சுற்றுவது போல இருந்தது.

போர்ச்சுகல் மூலையில் கலயங்கள் ஊத ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. அடித்தொண்டையிலிருந்து வருகிற அழுகை.

"எல்லம்மாக்கா!"

பதில் இல்லை.

அவளுக்குப் பின்னால், உள்ளே, இழைப்புச் சுருள்கள் நொறுங்கின.

ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி.

எப்சி திரும்பவில்லை. புது மரத்தின் வாசனை நெருங்கி வந்தது. அதோடு வியர்வையின் நெடி. தன் வலது தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று, தன்னைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னைப் போலவே வெளியே அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

நாற்காலியில் கைபேசி அடித்தது.

ஜென்சிக்கென்று தனியாக வைத்திருந்த அழைப்பொலி அது. எப்சி தன் உயிரெல்லாம் திரட்டிக் கத்தினாள். "எல்லம்மாக்கா! போன எடுங்க! என் தங்கச்சி! உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க! படுத்திருக்க வேணாம்னு சொல்லுங்க!"

தோளுக்கு மேல் இருந்த மூச்சு சட்டென்று இல்லாமல் போயிற்று.

வெளியே மணியொலி பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். கைகள் குறுக்கே வீசிக்கொண்டே இருந்ததால் யார் என்று பார்க்க முடியவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவது மட்டும் கேட்டது.

பிறகு ஆலை வேகம் குறைந்தது. கடைசியாக ஒரு கை கதவுக்கு முன்னால் வந்து, தாண்டி, நின்றது. நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தோள் கொடுத்துப் பிடித்து நிறுத்தியிருந்தால் எப்படி நடுங்குமோ அப்படி.

எப்சி வெளியே பாய்ந்தாள்.

மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து எல்லம்மா ஓடி வந்தாள். "மெயின அணைச்சுட்டேன் டீச்சரம்மா. இதுக்கு கரண்டே இல்ல, ஆனா இன்னா பண்றதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல."

"போன்ல என்ன சொன்னீங்க? அவ என்ன சொன்னா?"

"நானு எங்க எடுத்தேன்? நான் அந்தாண்ட இருந்தேனே."

கைபேசி நாற்காலியில் குப்புறக் கிடந்தது. தோசைக்கல்லாகச் சுட்டது. திரை கறுப்பு. எவ்வளவு அழுத்தியும் உயிர் வரவில்லை.

எடுத்தது யார் என்று நினைக்க அவளுக்கு அப்போது நேரம் இல்லை.

கிடைத்த முதல் ஆட்டோவில் இருவரும் ஏறினார்கள். தனியாக விட மாட்டேன் என்று எல்லம்மாவும் ஏறிக்கொண்டாள். டிரைவரிடம் போனைக் கெஞ்சி வாங்கினாள் எப்சி. மனப்பாடமாகத் தெரிந்தது ஜென்சியின் நம்பர் மட்டும்தான். போட்டாள். பிசி. வண்டலூரில் போட்டாள். பிசி. பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது ஐந்து முறை போட்டாள். ஐந்து முறையும் அந்தப் பெண்குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது.

"யார்கிட்டக்கா இவ்வளவு நேரம் பேசறா?" எப்சி அழுதேவிட்டாள். "நான்தான்க்கா படுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்."

எல்லம்மா அவள் முதுகைத் தடவினாள். ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"சாலமனும் போன அந்த நாற்காலி மேலதான் வச்சிருந்தாரு. அன்னிக்கு அவரு சம்சாரத்த பிரசவத்துக்குச் சேர்த்திருந்தாங்க. உள்ள வேலையா இருந்தாரு. போன் அடிச்சுது. எடுக்கணும்னு ஓடியாந்தாரு. கைய கவனிக்கல. நான் பக்கத்துல போறப்ப உசுரு இல்ல. போனு மட்டும் அடிச்சுகினே இருந்துச்சு."

சிட்லபாக்கத்தில் ஜென்சியின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "மூணு மணிக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாங்களே! போன காதுல வச்சுகிட்டே ஆட்டோல ஏறினாங்க" என்றாள்.

சானடோரியம் பக்கத்து ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் எப்சி ஏறியபோது, மேலே ஜோஸ்வின் நின்றிருந்தான். ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் ஈரம். அவன் வாயைத் திறப்பதற்குள் எப்சிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"பொண்ணுக்கா. ரெண்டு கிலோ எழுநூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொப்புள்கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். துடிப்பு குறைந்துகொண்டே போயிற்றாம். வந்த பத்தாவது நிமிடம் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்களாம். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். எப்சி விசும்பி விசும்பி அழுதாள். பக்கத்தில் எல்லம்மா அவள் தலையைத் தன்மீது சாய்த்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குத்தான் ஜென்சியைப் பார்க்க விட்டார்கள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜென்சி களைத்துப்போய்ச் சிரித்தாள்.

"அக்கா, அந்த அண்ணன் யாரு?"

"எந்த அண்ணன்?"

"உன் போன எடுத்தாரே. சாயங்காலம் எப்ப வருவேன்னு கேக்கலாம்னுதான் போட்டேன். ஒரு ஆம்பள எடுத்து, படுத்திருக்காதம்மா, எழுந்து போ, இப்பவே போன்னு சொன்னாரு. குரல் நடுங்கிச்சு. யாரு நீங்கன்னு கேட்டேன், சொல்லல. ஆனா போன வைக்கவும் இல்ல. ஆட்டோல வர்றப்பகூட லைன்ல மூச்சு விடற சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு. ஏதோ ஒரு தைரியமா இருந்துச்சுக்கா. அப்படியே பையில போட்டுட்டேன்."

எப்சியின் கைபேசி மத்தியானத்திலிருந்து செத்த மாதிரிதான் அவள் மடியில் கிடந்தது.

ஜோஸ்வின் அலமாரியிலிருந்து ஜென்சியின் பையை எடுத்துக் கொடுத்தான். எப்சி உள்ளே கையை விட்டாள். கைபேசி சூடாக இருந்தது. திரையில் அவள் பெயர். எப்சி அக்கா. அதற்குக் கீழே நான்கு மணி நேரம், பதினொரு நிமிடம். நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

காதில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, வெகுதூரத்தில் மரம் லேசாக முனகியது. ரொம்ப நேரமாக நின்றுகொண்டே இருக்கிற ஓர் ஆளின் மூச்சு கேட்டது.

தயங்கித் தயங்கி, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்பது போல, அந்தக் குரல் கேட்டது.

"பையனா... பொண்ணா?"

பதில் சொல்லாமல் இருக்க எப்சியால் முடியவில்லை.

"பொண்ணு," என்றாள். "நல்லா இருக்கா."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பெரிய மரம் ஒன்று மெதுவாகத் திரும்புகிற சத்தம், ஒரு சுற்று, கால் சுற்று. பிறகு, ஏரிப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது போல, அதுவும் அடங்கியது.

எப்சி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். இன்னொரு முறை அமுக்கினாள்.

நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.